வெடியும் வெடிப்பும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அண்ணே, நீங்க பார்த்த வேலையைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்று செயலாளர் கேட்டபோது எனக்குத் தயக்கம்தான். நான் பார்த்தது பாறைக்கு வெடி வைக்கிற வேலை. நன்னிலத்திலோ அடுப்புக்கு மூணு கல் வேணும்னாக்கூடச் செங்கல்லைத்தான் தேடணும். இந்த ஊரில் வந்து பாறையைப் பற்றிப் பேசுவது பாலைவனத்துக்குப் போய் நடவு நடுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி. ஆனால் யோசித்துப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. பாறையே இல்லாத ஊருக்குத்தான் உடைத்த பாறை அதிகம் தேவைப்படுகிறது. அது எங்கே, எப்படி உடைகிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நம் காலடியில் இருப்பது காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலும் களிமண்ணும் மணலும். அதற்கும் கீழே அடுக்கடுக்காகப் படிவுப் பாறைகள். கெட்டியான அடிப்பாறை கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் கிடக்கிறது. ஆகவே நம் கண்ணில் படுகிற ஒவ்வொரு கல்லும் வெளியூர்க் கல். கோயில் கல், வீட்டு அம்மி, தரங்கம்பாடிக் கடற்கரையில் அலைக்குக் குறுக்கே கொட்டியிருக்கும் பெரும் பாறைகள், நம் ரயிலடியில் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லி, எல்லாமே லாரியிலோ வேகனிலோ அந்தக் காலத்து வண்டியிலோ வந்து இறங்கியவை. இன்றைக்கு ஆயிரம் சதுர அடிக்கு ஒரு மாடித் தளம் போடுகிறோம். ஐந்து அங்குல கனம் என்றால் சுமார் 12 கன மீட்டர் கான்கிரீட். அதில் ஜல்லி மட்டும் ஏறத்தாழ 13 டன். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போட்டால் அதுவும் பொடித்த பாறைதான். திருச்சி, பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகள் நின்றுவிட்டால் நம் பக்கத்தில் வீட்டு வேலையும் சாலை வேலையும் நின்றுவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெடி வைத்தால் பாறை ஏன் உடைகிறது?

"அவ்வளவு பெரிய சக்தி, அடிச்சு நொறுக்குது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மை அப்படி இல்லை. ஒரு கிலோ வெடிமருந்தில் இருக்கிற சக்தியை விட ஒரு கிலோ நெல் உமியில் இருக்கிற சக்தி அதிகம். குவாரியில் சாதாரணமாகப் போடுகிற அம்மோனியம் நைட்ரேட், டீசல் கலவையை எடுத்துக்கொண்டால் உமி ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பம் தரும். ஆனால் உமி எரிவதற்குக் காற்று வேண்டும், நேரம் வேண்டும். வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னோடேயே வைத்திருக்கிறது. துளைக்குள் மருந்து வெடித்துக்கொண்டு போகும் வேகம் நொடிக்கு 3,000 முதல் 5,000 மீட்டர் வரை. பத்து மீட்டர் ஆழமுள்ள துளை அடி முதல் நுனி வரை முடிவதற்கு இரண்டு மூன்று மில்லி விநாடி. நாம் ஒரு தடவை கண்ணை மூடித் திறக்க நூறு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஆக, பெருமை சக்திக்கு இல்லை, அது வெளியாகிற வேகத்துக்கு.

அடுத்து பாறையின் குணம். நல்ல கருங்கல்லை அமுக்கி நொறுக்கப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,500 கிலோவுக்குக் குறையாமல் பாரம் ஏற்ற வேண்டும். அதே கல்லை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் 100 கிலோ, அதையொட்டி ஏதோ ஒரு எண்ணில் விட்டுக்கொடுத்துவிடும். அமுக்கினால் வீரன், இழுத்தால் சாது. உலகத்துப் பாறை எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ இதே கதைதான். இழுவலிமை அமுக்குவலிமையில் பத்தில் ஒரு பங்கு, சிலதில் இருபதில் ஒரு பங்கு.

இழுத்தால் எப்படி உடையும் என்பது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. சித்திரை வைகாசியில் நம் வயலைப் போய்ப் பாருங்கள். களிமண் காய்ந்து சுருங்குகிறது. சுருங்கும்போது தன்னைத்தானே இழுத்துக்கொள்கிறது. தாங்க முடியாமல் பாளம் பாளமாக வெடிக்கிறது. யாரும் சம்மட்டி போடவில்லை. நம் மொழியிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். வயல் வெடிக்கிறது, குதிகால் வெடிக்கிறது, பருத்தி வெடிக்கிறது, வெடியும் வெடிக்கிறது. பிளப்பதற்கும் முழங்குவதற்கும் ஒரே சொல். பாறை விஷயத்தில் அது அறிவியல்படியும் சரி. பாறைக்குள் நடப்பது வெடியை விட வெடிப்புதான்.

வெடிப்புக்கு இன்னொரு குணம் உண்டு. புதிதாகத் தோன்றுவதுதான் கடினம், ஓடுவது சுலபம். கண்ணாடி வெட்டுகிற கடைக்காரர் வைரமுனையால் ஒரு கீறல் போட்டுவிட்டு லேசாக மடக்குகிறார். மற்றதைக் கீறலே பார்த்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கிரிஃபித் என்ற பொறியாளர் 1921-ல் இதைக் கணக்காக்கிக் காட்டினார். பொருள் எவ்வளவு கெட்டி என்பதை விட, அதற்குள் ஏற்கெனவே இருக்கிற கீறல் எவ்வளவு நீளம் என்பதுதான் அது எப்போது உடையும் என்பதை முடிவு செய்கிறது. நீளமான கீறலுக்குச் சிறிய இழுப்பே போதும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நம் கல்தச்சர்கள் இந்தக் கணக்கெல்லாம் போடாமலே இதைக் கையில் வைத்திருந்தார்கள். 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வேண்டிய கருங்கல் தஞ்சையில் ஒரு கட்டிகூடக் கிடையாது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் எடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு வெடிமருந்து ஏது? பாறையில் கோடு கிழித்த மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆப்பு. வரிசையாக ஒரு சுற்று அடி, மறுபடி ஒரு சுற்று அடி. குழிக்குக் குழி விரிசல் ஓடிச் சேர்ந்து, பாறை கோட்டோடு பிளந்துவிடும். மாமல்லபுரத்தில் பிளக்க ஆரம்பித்துப் பாதியில் விட்ட குழி வரிசைகளை இன்றும் பார்க்கலாம். அடுத்த முறை சுற்றுலா போகிறவர்கள் வெண்ணெய் உருண்டைப் பாறையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல் இதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுரங்கத்தில் கருமருந்து வைத்துப் பாறை உடைத்ததற்கான பழைய பதிவு ஐரோப்பாவில் 1627. இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் சுரங்க ஊர் அது. 1867-ல் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வேலை செய்த கோலார் தங்கவயல், பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கு மேல் போனது இந்த மருந்தின் துணையோடுதான். 2001-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. இந்தியாவின் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் அங்கே தொடங்கப்பட்டது தற்செயல் இல்லை. அவ்வளவு ஆழத்தில் வெடியே வைக்காமல் பாறை தானாக வெடித்துச் சிதறுகிற ஆபத்து கோலாரில் உண்டு. அது தனிக் கதை.

இப்போது ஒரு துளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு குவாரிச் சுவர், ஆறு மீட்டர் உயரம். சுவரின் விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் உள்ளே தள்ளி ஒரு துளை. இந்த மூன்று மீட்டருக்குத் தொழிலில் 'பர்டன்' என்று பெயர். துளையில் மருந்து, மேல்பகுதியில் சிப்ஸ் ஜல்லி போட்டு அடைப்பு.

மருந்து வெடித்தவுடன் துளைச் சுவரில் சதுர சென்டிமீட்டருக்கு 10,000 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழுகிறது. கருங்கல்லுக்கும் அது தாங்காது. துளையைச் சுற்றிக் கொஞ்ச தூரம் பாறை மாவாகிறது. இதில்தான் பாறை அமுக்கி நொறுக்கப்படுகிறது. அந்த மாவால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, சக்தி வீண். அதற்கு வெளியே, அழுத்த அலை வட்டமாகப் பரவுகிறது. வட்டம் விரியும்போது பாறை சுற்றுவாக்கில் இழுபடுகிறது. சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி நாலா பக்கமும் வெடிப்புகள் கிளம்புகின்றன.

அழுத்த அலை நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் வேகத்தில் ஓடிப்போய் மூன்று மீட்டரில் சுவரின் வெளிமுகத்தைத் தொடுகிறது. அதற்கு அப்பால் பாறை இல்லை, வெறும் காற்று. அங்கே என்ன ஆகிறது? விடுதியில் கேரம் ஆடியவர்களுக்குச் சொன்னால் போதும். பத்துக் காய்களை ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் வையுங்கள். ஒரு முனையில் ஸ்ட்ரைக்கரால் சுண்டுங்கள். நடுக்காய்கள் அநேகமாக அசையாது. கடைசிக் காய் கழன்று ஓடும். தள்ளிய தள்ளு கடைசிக் காயில் இழுப்பாக மாறிவிட்டது. காய்களைக் கோந்து போட்டு ஒட்டியிருந்தால் கடைசி ஒட்டு பிய்ந்துபோயிருக்கும். கேம்பிரிட்ஜில் ஹாப்கின்சன் என்ற பேராசிரியர் 1914-ல் எஃகுத் தகட்டின் ஒரு பக்கம் துப்பாக்கிப் பஞ்சை வெடித்துக் காட்டினார். மறுபக்கம் தகட்டிலிருந்து ஒரு சில்லு தெறித்து விழுந்தது. குவாரிச் சுவரிலும் அதே கதை. வெளிமுகத்தில் பட்ட அமுக்கு, இழுப்பாக மாறி உள்நோக்கித் திரும்புகிறது. பாறை தாங்காதது இழுப்புதானே? வழியில் கிடக்கும் கீறல்களையெல்லாம் திறந்துகொண்டே வருகிறது. போய்த் திரும்ப ஒன்றே கால் மில்லி விநாடி.

இதுவரை பாறை நகரவே இல்லை. வெடிப்பு விட்டிருக்கிறது, அவ்வளவுதான். இனிமேல்தான் வாயுவின் வேலை. மருந்து முழுக்கச் சூடான வாயுவாக மாறி, திறந்த வெடிப்புகளுக்குள் புகுந்து, அவற்றை அகட்டிக்கொண்டே ஓடுகிறது. கல்தச்சரின் ஆப்பு செய்த அதே வேலை. பத்து இருபது மில்லி விநாடி கழித்துத்தான் மொத்தச் சுவரும் வயிறு முன்தள்ளின மாதிரி வளைந்து, முன்னால் சாய்ந்து, குவியலாக விழுகிறது. அடைப்பை ஏனோதானோ என்று போட்டால் வாயு மேலே பீய்ச்சிக்கொண்டு போய்விடும். சத்தம் ஊரைக் கூட்டும், கல் பறக்கும், பாறை மட்டும் அப்படியே நிற்கும். சத்தம் பெரிதாகக் கேட்டால் நல்ல வெடி என்று நினைப்பவர்கள் உண்டு. நேர்மாறு. நல்ல வெடி 'உம்' என்று ஒரு உறுமல், அவ்வளவுதான்.

மலை ஒன்றுதான், ஆனால் கேட்கிற கல் வேறு வேறு. ரயில்வேக்கு 65 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஜல்லி வேண்டும், அதற்குக் கிரஷர் வாய்க்குள் போகிற அளவில் வெடியில் உடைய வேண்டும். கடலோரத்துக்கு டன் கணக்கில் எடையுள்ள முழுப் பாறை வேண்டும், அதற்குத் துளைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு மருந்தைக் குறைப்பார்கள். மெருகேற்றுகிற கிரானைட் பாளத்துக்கோ ஒரு விரிசலும் ஆகாது, அங்கே வைரக்கம்பி வைத்து அறுப்பார்கள். நெய்வேலியில் இன்னொரு விதம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற கடினமான மணற்பாறையை ராட்சதச் சக்கர எந்திரம் அள்ளுகிறது. அள்ளுவதற்கு முன் வெடி வைத்து நெகிழ்த்திக் கொடுக்கிறார்கள். அங்கே பாறை பறக்கக்கூடக் கூடாது. உள்ளுக்குள் வெடிப்பு விட்டால் போதும், எந்திரத்தின் பல் தேயாது.

இதுவரை சொன்னது விழுந்த கல்லைப் பற்றி. என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது விழாத கல்.

வெடிப்பு முன்பக்கம் மட்டும் ஓடு என்று சொன்னால் கேட்குமா? சக்கரத்துக் கம்பி நாலா பக்கமும்தான் இருக்கும். துளைக்குப் பின்னால், நாளைக்கும் நிற்க வேண்டிய சுவருக்குள்ளும் அது போகிறது. பர்டனை அளவுக்கு மேல் வைத்தால் பாறை முன்னால் நகர முடியாமல் மல்லுக்கட்டும். அப்போது சக்தி முழுக்கப் பின்னாலும் கீழேயும் திரும்பும். வெடி முடிந்து புகை அடங்கியதும் பார்த்தால் சுவர் கம்பீரமாக நிற்பது போல இருக்கும். உள்ளே கீறல் நீண்டிருக்கும். கிரிஃபித் சொன்னது இங்கேதான் வருகிறது. நீண்ட கீறலுக்குச் சின்ன இழுப்பு போதும். அடுத்த வெடியின் அதிர்வு போதும். ஐப்பசி மழையில் கீறலுக்குள் தண்ணீர் நின்றால் அந்த அழுத்தமே போதும்.

2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் கல்குவாரிக்குள் இரவு வேலையில் இருந்தவர்கள்மேல் பாறை சரிந்தது. ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். பேரிடர் மீட்புப் படை வந்தும் மீட்பு வேலை நாள் கணக்கில் இழுத்தது. மேலிருந்து மறுபடி மறுபடி கல் சரிந்துகொண்டே இருந்ததுதான் காரணம். 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் மறுபடி ஒரு குவாரிச் சரிவு, மறுபடி உயிர்கள்.

1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் இதற்காகவே ஒரு கணக்குச் சொல்கின்றன. கெட்டியான பாறையானாலும் படி ஒன்றின் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, படியின் அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. மேலிருந்து கழன்ற கல் அடுத்த படியில் தங்கிவிடும், கீழே நிற்கிற ஆளின் தலைக்கு வராது. எளிமையான கணக்கு. எந்திரம் வைத்துத் தோண்ட வேண்டிய பெரிய சுரங்கங்களுக்கு நிபந்தனையோடு தளர்த்திக் கொடுப்பார்கள். ஆனால் படியே விடாமல் கிணறு வெட்டின மாதிரி நேர்க்குத்தாக இறங்கிய குவாரிகளை நானே பார்த்திருக்கிறேன். படி விட்டால் அவ்வளவு கல்லும் பூமியில் நின்றுவிடுகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் இடத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள், எழுத்து வாசனை குறைவு. தினமும் காலையில் ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்பு நீளமான கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவரைத் தட்டிக்கொண்டே போவார். நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவார்களே, அதே மாதிரி. முழுக்கல் கணீர் என்று சொல்லும். பின்னால் பிடி விட்ட கல் டொக் என்று சொல்லும். சிற்பிகள் ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று ஒலியை வைத்துப் பிரிப்பதும் இந்த அறிவின் வழி வந்ததுதான். ஒரு கார்த்திகை மாதம் அவர் ஓரிடத்தில் நின்று மூன்று தடவை தட்டினார். "சார், இது உள்ள கழண்டுட்டுது. டிரில் வண்டியை அந்தாண்ட தள்ளச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு உற்பத்தி பாதிதான். மேலே இருந்தவர்களுக்கு எரிச்சல். நாலாம் நாள் ராத்திரி மழையில் இரண்டு லாரி கல் அந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. கீழே வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

கடப்பாரைக்கு மேலே போனால் பொறியியல் வழி ஒன்று உண்டு. கடைசிச் சுவர் எந்தக் கோட்டில் நிற்க வேண்டுமோ அந்தக் கோட்டில் நெருக்க நெருக்கமாகத் துளை போட்டு, துளையின் அகலத்தை விட மெல்லிய தோட்டாவைத் தொங்கவிட்டு, மற்ற துளைகளுக்கு முன்பே அந்த வரிசையை வெடித்துவிடுவது. மருந்துக்கும் பாறைக்கும் நடுவே காற்று இருப்பதால் பாறை மாவாகாது. துளைக்குத் துளை வெடிப்பு ஓடிச் சேர்ந்து ஒரு திரை மாதிரி பிளவு உண்டாகிறது. பின்னால் வருகிற பெரிய வெடியின் விரிசல் பெரும்பாலும் அந்தத் திரையோடு நின்றுவிடும். 1950-களில் அமெரிக்காவில் நயாகரா மின்திட்டத்தில் இந்த முறை பேர் வாங்கியது. மலைச்சாலை வெட்டிய இடங்களில் பாறைச் சுவரில் அரைக்குழாய் மாதிரி நேர்த்தடங்கள் வரிசையாகத் தெரிந்தால், இப்படிக் கவனமாக வெடித்தவர்கள் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மாமல்லபுரத்து ஆப்புக் குழி வரிசையும் இதுவும் ஒரே யோசனை.

இனி குவாரிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி அனுமதி இல்லை. அதற்கு அப்பாலும் அதிர்வு போகும். அதை அளக்க முடியும். தரை ஒரு நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்பதுதான் அளவு. தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997-ல் வரம்பு சொல்லிவிட்டது. சாதாரண வீடுகளுக்கு, நொடிக்கு 8 தடவைக்கும் குறைவாக ஆடுகிற மெதுவான அதிர்வானால் 5 மில்லிமீட்டர். 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. பழங்காலச் சின்னங்களுக்கு இதே வரிசையில் 2, 5, 10. மெதுவான ஆட்டத்துக்கு ஏன் கடுமை என்றால், வீடுகளின் இயல்பான ஆட்டமும் அந்த வீச்சில்தான். ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் ஏறும்.

அதிர்வைக் குறைக்க வழி மருந்தைக் குறைப்பது மட்டும் இல்லை. ஐம்பது துளையில் முப்பது முப்பது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நொடியில் விட்டால் 1,500 கிலோ. துளைக்குத் துளை 17, 25 மில்லி விநாடி இடைவெளி விட்டு வெடித்தால் பூமிக்கு அது முப்பது கிலோ முப்பது கிலோவாகத்தான் தெரியும். முன்துளை விழுந்து இடம் விட்டிருப்பதால் பின்துளைக்குத் திறந்த முகமும் கிடைக்கிறது. காதுக்கு ஒரே சத்தம்தான். கருவிக்கு வித்தியாசம் தெரியும்.

ஊர்க்காரர்கள் "வீடு விரிசல் விட்டுட்டுது" என்று வருவார்கள். குவாரிக்காரர் "அது முன்னாடியே இருந்தது" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஒரு வெடியும் கேட்காத நம் நன்னிலத்து வீடுகளிலேயே கோடையில் களிமண் சுருங்கிச் சுவர் பிளப்பதில்லையா? அதே சமயம், மனிதக் கால் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான ஆட்டத்தையே உணர்ந்துவிடும், பயந்து போன ஆளைக் குறை சொல்ல முடியாது. என் அபிப்பிராயம், குவாரி தொடங்கும் முன்பே வீடு வீடாக இருக்கிற விரிசலைப் படம் எடுத்து, அளந்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டித் தேதி போட்டால் போதும். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். இருபது ரூபாய்ச் செலவில் முடிகிற காரியம் இது. நான் போன இடங்களில் வழக்கு வந்த பிறகுதான் யாருக்கும் இது ஞாபகம் வந்தது.

நம் பக்கத்தில் வெடியே வைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. எண்ணெய், எரிவாயு தேடி 1960-களிலிருந்து காவிரிப் படுகையில் ஆய்வு நடந்திருக்கிறது. வயலில் துளை போட்டு, கொஞ்சம் மருந்து வைத்து வெடித்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே உடைப்பது நோக்கம் இல்லை. குவாரிச் சுவரில் பட்டுத் திரும்பிய அதே அலை, இங்கே பூமிக்குள் போய் ஒவ்வொரு பாறை அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பி வருகிறது. தரையில் வரிசையாகக் குத்தி வைத்த கருவிகள் அதைக் கேட்டுப் படம் போடுகின்றன. மண் இளகுவது துளையைச் சுற்றிச் சில மீட்டர்தான். ஆனால் துளையைச் சரியாக மூடாமல் போனால் அந்தச் சங்கடம் வயல்காரருக்குத்தான். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் திருவாரூர் மாவட்டத்திலும் புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலுக்குத் தடை போட்டுவிட்டது. அது சரியா தவறா என்று இங்கே இரண்டு கட்சி இருக்கும், தேநீர் இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் காலையிலேயே கேட்டார்கள், இந்த வேலைக்கு எப்படி வருவது என்று. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் இருக்கிறது. இயற்பியல் படித்தவர்கள் புவி இயற்பியல் பக்கம் போகலாம், அலை எங்கே போனாலும் அலைதான். வெடி வைக்கிற தகுதிக்கு அனுபவமும் தேர்வும் சான்றிதழும் வேண்டும். எதுவும் இல்லாமல் "தம்பி, திரி மட்டும் பத்த வச்சிட்டு ஓடி வந்துடு" என்று யாராவது தினக்கூலிக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். எவ்வளவு கூலி கொடுத்தாலும் சரி.

வாசலில் மேசைமேல் இரண்டு கல் வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு சின்னச் சுத்தியும் இருக்கிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்று முழுக்கல். இன்னொன்று வெடிக்குப் பின்னால் நின்ற சுவரிலிருந்து எடுத்தது. சாப்பாட்டுக்குப் போகும்போது தட்டிப் பார்த்து, எது எது என்று என்னிடம் சொல்லுங்கள்.